பயற்றங்கொடியில் எறும்புக்கு என்ன வேலை?

வீட்டுக்குப் பின்னால் நட்ட பயற்றங்கொடியில் எறும்பு சாரைசாரையாக ஏறினால், கொடியைத் தின்னத்தான் போகிறது என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அது தின்னப் போகவில்லை. பால் கறக்கப் போகிறது! அதன் மாடுகள் எவை என்று பார்ப்போம்.

எறும்பு மொய்க்கும் இளங்குருத்தையோ பிஞ்சையோ திருப்பிப் பாருங்கள். கடுகளவுப் பூச்சிகள் கூட்டமாக ஒட்டியிருக்கும். வளர்ந்தவை பளபளக்கும் கறுப்பு. குஞ்சுகள் மங்கிய சாம்பல் நிறம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் உடலின் பின்பக்கத்தில் இரண்டு சிறு குழல்கள் தெரியும். இதுவே அசுவினி. செடிப்பேன் என்றும் சொல்வார்கள். வெள்ளை மாவு பூசியதுபோல் இருந்தால் அது மாவுப்பூச்சி, வேறு இனம்.

அசுவினி ஊசி போன்ற வாயால் கொடியின் சாற்றை உறிஞ்சுகிறது. அச்சாற்றில் சர்க்கரை மிகுதி; உடல் வளரத் தேவையான சத்து குறைவு. ஆகவே நிறையக் குடித்து, மிஞ்சிய இனிப்பு நீரைப் பின்புறமாகச் சொட்டவிடுகிறது. எறும்பு தன் உணர்கொம்பால் தடவிக் கொடுத்து அத்துளியை வாங்கிக் குடிக்கிறது. அதற்குக் கூலியாக, அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டுகிறது.

காவல் இருப்பதால் கூட்டம் பெருகுகிறது. நம் நாட்டு வெப்பத்தில் அசுவினி முட்டையிடாமல், ஆண் துணையுமின்றிக் குஞ்சு ஈனும். அக்குஞ்சும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் தாயாகிவிடும். பிறகு குருத்து சுருளும். இனிப்பு சிந்திய இலையில் கரும்பூசணம் படரும். நோயும் கொடிக்குக் கொடி தொற்றும்.

உடனே தோட்டத்தில் அடிக்கும் மருந்தைப் புட்டியில் கொண்டுவந்து தெளிக்கலாமா? கூடவே கூடாது. அந்தக் காயை நாளை நம் பிள்ளைகள்தானே சாப்பிட வேண்டும்! புட்டியில் இருப்பதைக் குளிர்பானம் என்றெண்ணிக் குழந்தை குடித்துவிடும் ஆபத்தும் உண்டு. மருந்து பொறிவண்டையும் கொன்றுவிடும்.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். பள்ளித் தோட்டத்தில் ஒருமுறை, குட்டி முதலைபோல் நீண்டு, கறுத்த உடலில் ஆரஞ்சுப் புள்ளிகளுடன் இருந்த புழுக்களை நாங்களும் மாணவர்களும் பொறுக்கி நசுக்கினோம். அவை பொறிவண்டின் குஞ்சுகள் என்பது பிறகுதான் தெரிந்தது. அசுவினியைத் தின்று நமக்கு உதவுபவை அவைதாம்.

ஆகவே, எறும்பு ஏறக் கண்டதும் அதன் வழியே பார்வையைச் செலுத்துங்கள். அசுவினி மொய்த்த நுனியைக் கிள்ளிச் சவர்க்கார நீரில் போடுங்கள். மற்ற இடங்களைத் தண்ணீர் பீச்சிக் கழுவுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும். பொறிவண்டை மட்டும் தொடாதீர்கள்.