பெற்றவள் தேறும் ஆறு வாரங்கள்

மகவு பிறந்ததும் வீட்டார் கண்களெல்லாம் தொட்டிலின்மேல் சென்றுவிடுகின்றன. அதே வேளையில் பெற்றவளின் உடலுக்குள் ஒரு பெரும்பணி தொடங்குகிறது. இளங்கொடி கழன்ற இடத்தில், கருப்பையின் உட்சுவரில், உள்ளங்கை அகலத்திற்கு ஒரு புண் திறந்து கிடக்கிறது. எவர் கண்ணுக்கும் அது தெரிவதில்லை. அது முற்றாக ஆற ஏறத்தாழ ஆறு வாரங்கள் செல்லும். அந்த ஆறு வாரங்களும் தாய்க்கு உரியவை. இதனை எல்லா வீடுகளும் அறிய வேண்டும். கடல் கடந்து மருத்துவம் தேடும் நெடுந்தீவு, நயினாதீவு வீடுகளோ கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

பிள்ளை பிறந்தவுடன் கருப்பை ஏறத்தாழ 1 கிலோகிராம் எடையுடையது. ஒரு வாரத்தில் அது பாதியாகிறது. இரண்டு வாரங்களில் இடுப்புக் குழிக்குள் இறங்கி, வயிற்றைத் தொட்டால் கைக்கு அகப்படாத நிலையை அடைகிறது. ஆறாம் வாரத்தில் 100 கிராமுக்கும் குறைந்து பழைய அளவை எட்டுகிறது. இச்சுருக்கத்தைத் தூண்டுவதில் பிள்ளைக்கும் பங்குண்டு. மகவு பால் உறிஞ்சும்போது தாயின் மூளையடியிலுள்ள சுரப்பியிலிருந்து ஒட்சிற்றோசின் என்னும் ஓமோன் குருதியில் கலக்கிறது. அது பாலை வெளிப்படுத்துவதோடு கருப்பைத் தசைகளையும் இறுக்குகிறது. இறுகிய தசைநார்கள் குருதிக் குழாய்களை நெரித்து அடைக்க, குருதிப்போக்கு தணிகிறது. பாலூட்டும்போது அடிவயிற்றில் எழும் நோவு இதன் விளைவே.

புண் ஆறும் முறையும் வியப்புக்குரியது. மேலே மடிந்த படலம் உதிர, அடியிலிருந்தும் ஓரங்களிலிருந்தும் புதுப்படலம் வளர்ந்து பரவுகிறது. அதனால் தழும்பு எஞ்சுவதில்லை. உதிர்வதே தீட்டாக வெளியேறுகிறது: முதல் மூன்று நான்கு நாள் செந்நிறம், பின்னர் இளஞ்சிவப்பும் பழுப்பும், பத்து நாளளவில் வெளிர்மஞ்சள் அல்லது வெண்மை. வெளிறிய பின் மீண்டும் செங்குருதி பெருகினால், உடல் தாங்கும் அளவுக்கு மேல் வேலை நடந்திருக்கலாம். உள்ளே இளங்கொடியின் துண்டு தங்கியும் இருக்கலாம். அதை மறைக்காமல் மருத்துவ மாதிடம் சொல்ல வேண்டும்.

திறந்த புண்ணுக்குள் கிருமி நுழைந்தால் எழுவது பேற்றுக் காய்ச்சல். வியன்னா நகர மருத்துவமனையின் ஒரு பிரிவில் 1846இல் நூறு தாய்மாரில் ஏறத்தாழ 11 பேர் இறந்தனர். 1847இல் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவிய பின்னரே தாய்மாரைத் தொட வேண்டும் என விதித்தார். 1848இல் அவ்விறப்பு நூற்றுக்கு இரண்டினும் குறைந்தது. அதே 1847இல்தான் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அவர், 1857இல் மகப்பேற்று மருத்துவ நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். இவ்வறிவு நம் மொழியில் நெடுங்காலம் வாழ்ந்து வருகிறது. அது அடுக்களை வரை வந்து சேர வேண்டும். துணியை மாற்றுமுன்னும் பின்னும், தையலைத் தொடுமுன்னும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் அதன் முதற்பாடம்.

நம் முன்னோர் வகுத்த முப்பத்தொரு நாள் ஒதுக்கம் தாய்க்கு ஓய்வு தந்தது. அப்பயனைப் போற்ற வேண்டும். வேர்க்கொம்பு, மிளகு, மல்லி, சீரகம், மஞ்சள், உள்ளி அரைத்த சரக்குக் கறியில் தீவகத்து மீனும் சேரும்போது நல்ல புரதம் கிடைக்கிறது. முருங்கையிலை வறை ‘ஏ’ உயிர்ச்சத்தும் சுண்ணச்சத்தும் தருகிறது. ஆனால் பத்தியம் என்று பழங்களையும் காய்களையும் விலக்குவதும், வயிறு பெருக்கும் எனத் தண்ணீரைக் குறைப்பதும் தவறு. பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கிலோகலோரி உணவும் 700 மில்லிலீற்றர் நீரும் கூடுதலாக வேண்டும். உவர்க் கிணறுகள் மிகுந்த தீவுகளில் வீட்டுக்கு வரும் நன்னீரின் முதற்பங்கு தாய்க்கே சேர வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கலாகாது. தேயிலையின் துவர்ப்பு இரும்பை உடலில் சேரவிடாது.

ஓய்வு என்பது பாயோடு கிடப்பதன்று. பேற்றைத் தொடர்ந்து வரும் வாரங்களில் குருதி எளிதில் உறையும் தன்மையுடையது. அசையாத கால்களில் உறைந்த கட்டி நுரையீரலை அடைந்தால் உயிருக்கே இடர். ஆகவே முதல்நாளிலிருந்தே மெல்ல நடக்க வேண்டும். கிணற்றில் நீர் இறைப்பதும் குடம் சுமப்பதும் பிறர் வேலை. வயிறு கீறிப் பெற்றவள் தன் பிள்ளையினும் கனத்ததைத் தூக்கலாகாது.

உளமும் தேற வேண்டும். மூன்றாம் நாள் முதல் காரணமின்றி அழுகை வருவது பலர்க்கும் இயல்பு. இரு வாரத்தில் தணியும். அதற்குமேல் நீளும் சோர்வு ஒரு நோய். உலகளவில் பெற்ற தாய்மாரில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர் உளநோய்க்கு, பெரும்பாலும் உளச்சோர்வுக்கு, உள்ளாகின்றனர் என உலக நலவாழ்வு நிறுவனம் கணிக்கிறது. கண்ணூறு, பேய்க்கோளாறு என்று அதனை ஒதுக்குவது தாய்க்கும் சேய்க்கும் இழைக்கும் கொடுமை. 1987இல் எடின்பரோவில் உருவான பத்து வினாக்களைக் கொண்டு அதனை எளிதில் இனங்காணலாம்; மருத்துவத்தால் குணப்படுத்தலாம்.

இலங்கையில் மருத்துவ மாது வீடுதேடி வரும் ஒழுங்கு உண்டு: முதற் பத்து நாளில் இருமுறை, முதல் மாதத்திற்குள் மீண்டும் ஒருமுறை, நாற்பத்திரண்டாம் நாளளவில் இன்னொருமுறை. அவர் வரும் வேளையில் மாமியாரும் கணவனும் உடனிருந்து கேட்பது நன்று.

ஊர்காவற்றுறையிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே யாழ்ப்பாணம் செல்லச் சாலை உண்டு. நெடுந்தீவிலிருந்தோ குறிகட்டுவான் இறங்குதுறைக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம். சோழகமும் வாடையும் மூளும் நாள்களில் அதுவும் உறுதியன்று. பெருங்குருதிப்போக்கு சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். எனவே ஒரு மணிக்குள் துணி முழுதும் நனைதல், 38 பாகை செல்சியசும் அதற்கு மேலும் காய்ச்சல், தீநாற்றமுள்ள தீட்டு, பார்வை மங்கும் தலைவலி, வலிப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும், மூச்சுத்திணறல், தன்னையோ பிள்ளையையோ மாய்க்கும் எண்ணம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. தீவிலுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். கடல்கடத்தல் பற்றி அங்கு முடிவெடுப்பர். எந்தப் படகு, எவர் துணை, பிள்ளையை எவர் பார்ப்பது என்பவற்றைப் பேற்றுக்கு முன்னரே குடும்பம் பேசி வைத்திருக்க வேண்டும். தாய் தன் உடல்நிலையைச் சொல்லும்போது ஐயுறாமல் நம்பி எழுபவர்களே அவளுக்கு முதல் மருத்துவர்.