பயிற்சி ஆலோசகரை யார் கவனிக்கிறார்?

மனசு சரியில்லை என்று மனநல ஆலோசகரிடம் போறீங்க. எதிரே இருப்பவர் இன்னும் பயிற்சியில் இருக்கிறார். பயப்படணுமா?

வேண்டாம். ஆனால், அவருக்கு அனுபவமுள்ள மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கணும். மலேசியாவில், 1998ஆம் ஆண்டு ஆலோசகர்கள் சட்டப்படி, பதிவு பெற்றவர்தான் 'கவுன்சலர்' எனத் தொழில் செய்யலாம்.

நல்ல மேற்பார்வை எப்படி இருக்கும்?

• தவறாமல் சந்திப்பு நடக்கும்.

• "நல்லாப் போச்சு" என்ற பதில் மட்டும் போதாது. உங்கள் சம்மதத்துடன் பதிவான உரையாடலை மேற்பார்வையாளரே கேட்பார்.

• தற்கொலை எண்ணம் தெரிந்தால், அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் உடனே பேசுவார்கள்.

சிக்கல் எங்கே?

மதிப்பெண் போடுபவரும் பல நேரங்களில் அவரே. அதனால் தவற்றை மறைக்கத் தோன்றும். "தப்பு பண்ணிட்டேன்" என்று பயமில்லாமல் சொல்ல முடிந்தால்தான் உங்களுக்குப் பாதுகாப்பு.

"உங்க மேற்பார்வையாளர் யார்?" தாராளமாகக் கேளுங்க. அது உங்கள் உரிமை.