ஹாஸ்கெல் மொழியில் குறியாக்கம்: எந்த லைப்ரரி எதற்கு?

கோவையிலிருந்து வாளையாறைக் கடந்து போனால் கஞ்சிக்கோடு வரும். ஆலைகளுக்குப் பெயர்போன இந்த எல்லைப் பகுதியில்தான், 2015-ல் தொடங்கிய பாலக்காடு ஐஐடியின் வளாகம் இருக்கிறது. அங்கே கணினி அறிவியல் கற்பிக்கும் பியூஷ் குரூர், ஹாஸ்கெல் நிரல்மொழிக்கான ‘ராஸ்’ என்ற திறந்த மூலக் குறியாக்க லைப்ரரியை உருவாக்கியவர். கான்பூர் ஐஐடியில் இருந்த காலத்திலேயே அவர் தொடங்கிய பணி இது. இதே வேலைக்கு ‘கிரிப்டான்’, ‘சால்டைன்’ ஆகியவையும் உண்டு. எதைத் தேர்வது?

ஹாஸ்கெலில் என்ன விசேஷம்?

1990-ல் அறிமுகமான ஹாஸ்கெல், ஃபங்ஷனல் வகை மொழி. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தரும் சார்புகளைக் கோத்து இதில் நிரல் எழுதுகிறார்கள். எந்த மதிப்பு என்ன வகை என்பதை, நிரல் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் சரிபார்த்துவிடும். சின்னப் பிழையும் ரகசியத்தை வெளியே விட்டுவிடக்கூடிய குறியாக்கத்தில் இது பெரிய பலம்.

மூன்று லைப்ரரிகள், மூன்று வழிகள்

கிரிப்டான்: வின்சென்ட் ஹான்கேஸ் எழுதிய ‘கிரிப்டோனைட்’ நெடுங்காலம் பலரின் முதல் தேர்வாக இருந்தது. அதன் பராமரிப்பு நின்றபின், ஜப்பானின் கசு யமமோட்டோ 2023-ல் அதிலிருந்து பிரித்தெடுத்ததே கிரிப்டான். ஏஇஎஸ், ஆர்எஸ்ஏ, ஷா எனப் பெரும்பாலான வழிமுறைகள் இதில் உண்டு. இணையத் தொடர்பைக் காக்கும் ஹாஸ்கெலின் டிஎல்எஸ் லைப்ரரியும் இதையே சார்ந்திருக்கிறது. ஆனால் உடைக்கப்பட்டுவிட்ட எம்டி5-கூட இதில் இருக்கிறது. தவறானதைத் தேர்ந்தால் பொறுப்பு நிரலாளருடையது.

சால்டைன்: சி மொழியில் எழுதப்பட்ட ‘லிப்சோடியம்’ லைப்ரரியை ஹாஸ்கெலிலிருந்து பயன்படுத்த உதவுகிறது. தேர்வுகள் குறைவு; அதனால் தவறவும் வழி குறைவு. லிப்சோடியத்தைக் கணினியில் தனியே நிறுவ வேண்டும்.

ராஸ்: வழிமுறைகள் சிலவே, கவனம் முழுக்கப் பாதுகாப்பின் மீது. பிட் கணக்கையும் பைட் கணக்கையும் கவனக்குறைவாகக் கூட்டினால் நிரல் கம்பைலே ஆகாது. நினைவக முகவரிகளைக் கையாள்வதில் வரும் பிழைகளையும் இப்படி வகைகளைக் கொண்டே தடுக்கும் உத்தியை, குரூரும் சக ஆய்வாளர்களும் 2016-ல் ஜப்பானின் நாரா நகரில் நடந்த ஹாஸ்கெல் கருத்தரங்கில் விளக்கினார்கள். ரகசியச் சாவி வட்டுக்குப் போய்விடாதபடி நினைவகத்தைப் பூட்டி, வேலை முடிந்ததும் துடைத்துவிடும் ஏற்பாடும் உண்டு. ஒப்பீட்டுக்கு எடுக்கும் நேரத்தை அளந்து ரகசியத்தை ஊகிக்கும் தாக்குதலைத் தடுக்க, இதில் சாதாரண சமக்குறி ஒப்பீடே நேரம் மாறாமல் நடக்கிறது. கிரிப்டானைப் பயன்படுத்தும்போது சாதாரண பைட் தொடர்களை அப்படி ஒப்பிட, அதற்கென உள்ள தனிச் சார்பை நினைவாக அழைக்க வேண்டும்.

எது யாருக்கு?

பிற அமைப்புகளோடு பேசும் இணையச் சேவைக்குக் கிரிப்டான். சொந்தச் செயலிக்குள் செய்தியை மூடி முத்திரையிட்டால் போதும் என்றால் சால்டைன். பாதுகாப்பை மொழியிடமே எப்படி ஒப்படைப்பது என்று படிக்க விரும்பும் மாணவருக்கு ராஸ்.

வழிமுறைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், யார் பராமரிக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மூலநிரலைத் தழுவி மேம்படுத்தும் உரிமை எல்லோருக்கும் இருந்ததால்தான், கிரிப்டோனைட் நின்றபோதும் அதை நம்பியிருந்த மென்பொருள்கள் நிற்கவில்லை.