பெரிய கை விற்கும்போது விலை ஏன் விழுகிறது?

"பெரிய நிதியமொன்று பங்குகளைக் கொட்டுகிறதாம், கம்பனியில் ஏதோ கோளாறு இருக்கிறது" என்று வியாபார நண்பர்கள் என்னிடம் சொல்வதுண்டு. சில வேளைகளில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் விற்பவர் யார், ஏன் விற்கிறார் என்று பார்க்காமல் அந்த முடிவுக்கு வருவது அவசரம்.

இருபது மூடை அரிசி வைத்திருப்பவர் சந்தை விலைக்கே விற்றுவிட்டுப் போவார். இருபதாயிரம் மூடையை ஒரே நாளில் தள்ள வேண்டியவர் விலையை இறக்கித்தான் ஆக வேண்டும். அரிசியின் தரத்தில் குறையில்லை. அன்றைக்கு அவ்வளவு வாங்க ஆளில்லை, அவ்வளவுதான். பங்குச் சந்தையிலும் இதே கணக்குத்தான். அதனால்தான் நிதியங்கள் பல நாட்களாகச் சிறிது சிறிதாக விற்கின்றன. இல்லாவிட்டால் முழுத் தொகுதியையும் கழிவு விலைக்கு ஒரு வங்கியிடம் கொடுத்துவிடுகின்றன.

அமெரிக்காவின் பேஸ்புக் கம்பனி இதற்கு நல்ல உதாரணம். 2012 மே மாதம் அதன் பங்குகள் தலா 38 டொலருக்குப் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. ஆரம்ப முதலீட்டாளர்கள் தம்மிடம் எஞ்சியவற்றைக் குறிப்பிட்ட காலம்வரை விற்கக் கூடாது என்று தடை இருந்தது. இத்தகைய துணிகர முதலீட்டு நிதியங்கள் பொதுவாகப் பத்து வருடமளவு ஆயுள் கொண்டவை. கம்பனி எவ்வளவு நன்றாக ஓடினாலும், காலம் முடிந்தால் பணம் போட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

ஆகஸ்ட் 16ஆம் திகதி முதலாவது தடை நீங்கி, 271 மில்லியன் பங்குகள் விற்பனைக்கு விடுபட்டன. அன்று மட்டும் விலை 6 வீதத்துக்கும் மேல் விழுந்து 19.87 டொலரில் முடிந்தது. செப்டெம்பர் ஆரம்பத்தில் 17.73 டொலர் வரை இறங்கியது. ஆரம்ப முதலீட்டாளரும் அப்போது பணிப்பாளர் சபை உறுப்பினராக இருந்தவருமான பீட்டர் தீல், தடை நீங்கிய கையோடு சுமார் 400 மில்லியன் டொலர் பெறுமதியான பங்குகளை விற்றார். வெளியிலுள்ள நிதியம் விற்பதை விட, உள்ளே அமர்ந்திருப்பவர் விற்பதற்குத்தான் நான் கூடுதலாகக் காது கொடுப்பேன்.

வேடிக்கை என்னவென்றால், நவம்பர் 14ஆம் திகதி அதைவிடப் பெரிய தொகுதி, ஏறக்குறைய 800 மில்லியன் பங்குகள், விடுபட்டன. எல்லோரும் வீழ்ச்சியை எதிர்பார்த்திருக்க, விலை 12 வீதத்துக்கும் மேல் ஏறியது! கப்பல் வரும் திகதி தெரிந்தால், சரக்கு இறங்கும் முன்பே புறக்கோட்டையில் விலை குறைந்துவிடுமல்லவா? அதுதான் இங்கும் நடந்தது. திகதி எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். பயமும் விலையில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. இன்னும் விழுமென்று பந்தயம் கட்டி, இரவல் பங்குகளை விற்று வைத்திருந்தவர்களும் அவற்றைத் திருப்பி வாங்க வேண்டியிருந்தது. இதற்கிடையில், கையடக்கத் தொலைபேசி விளம்பரங்களில் வருமானம் வரத் தொடங்கியிருப்பதை ஒக்டோபரில் வெளியான காலாண்டுக் கணக்கு காட்டியிருந்தது.

கணக்கறிக்கையில் விற்பனையும் இலாபமும் சரிகிற வேளையில் நிதியங்களும் வெளியேறினால், அது வேறு கதை. பேஸ்புக்கில் விலை சரிந்த காலத்தில் இலாபமும் குறைந்திருந்தது, ஆனால் விற்பனை சரியவில்லை. 2013 ஆகஸ்ட் ஆரம்பத்தில் அந்தப் பங்கு மீண்டும் 38 டொலரைத் தாண்டியது.