மழை போனாலும் ஆறாத குதிரைப் புண்

முள்கம்பி கீறிய சின்னக் காயம்தான். மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுப் பார்த்தார்கள். மருந்துக்கடைக் களிம்பும் போட்டாயிற்று. மூன்று வாரமாகியும் ஆறவில்லை. ஓரம் தடித்து, நடுவில் சிவந்த சதை மேலெழும்பி, லேசாக உரசினாலே ரத்தம் கசிகிறது. குதிரை நிம்மதியாக நிற்பதில்லை. அந்த இடத்தைக் கடிக்கிறது, கம்பத்தில் தேய்க்கிறது. இப்படி ஒரு புண்ணைப் பார்த்தால், லாயத்துக்குப் பின்னால் கிடக்கும் லத்திக் குவியலையும் போய்ப் பாருங்கள். நோய் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

ஈ சுமந்து வரும் புழு

ஹாப்ரோனீமா என்ற உருண்டைப்புழு குதிரையின் இரைப்பையில் வாழ்கிறது. அங்கே அதனால் பெரும்பாலும் பெரிய தொந்தரவு இல்லை. அதன் முட்டைகளும் குஞ்சுப்புழுக்களும் லத்தியோடு வெளியே வருகின்றன. அதே லத்தியில்தான் ஈயும் முட்டையிடுகிறது. ஈயின் புழுக்கள் லத்தியைத் தின்னும்போது இந்தக் குஞ்சுகளையும் சேர்த்து விழுங்கிவிடுகின்றன. சிறகு முளைத்து ஈ பறக்கும் நேரத்தில், அதன் வாய்ப்பகுதியில் குஞ்சுகள் தயாராக இருக்கும்.

குதிரையின் உதட்டில் ஈ உட்கார்ந்தால் குஞ்சுகள் இறங்கி, வாய்வழியாக இரைப்பைக்குப் போய்ச் சேர்கின்றன. ஈரமான காயத்தில் உட்கார்ந்தால்தான் வினை. சூடும் ஈரமும் பட்டதும் அவை காயத்துக்குள் இறங்குகின்றன. அங்கே அவற்றால் முதிரவும் முடியாது, இனம் பெருக்கவும் முடியாது. தோலுக்குள்ளேயே கிடந்து சாகின்றன. அந்தப் புழுக்களுக்கு எதிராகக் குதிரையின் உடல் காட்டும் மிகையான ஒவ்வாமைதான் நாம் பார்க்கும் புண். கிருமிக்கொல்லி மருந்தை மட்டும் எத்தனை நாள் கொடுத்தாலும் அது அடங்காததற்குக் காரணம் இதுதான்.

மழையோடு வருவதால் வடநாட்டுக் குதிரைக்காரர்கள் இதைப் பர்சாத்தி என்பார்கள். பிரிட்டிஷ் ராணுவக் குதிரைகளையும் இது பாடாய்ப்படுத்தியிருக்கிறது. 1861இல் பம்பாயில் ஹென்றி கார்ட்டர் என்ற மருத்துவர் வீட்டு ஈக்களின் உடலுக்குள் நூல்போன்ற புழுக்களைக் கண்டு விவரித்தார். அந்தப் புழு முதிர்ந்து வாழும் இடம் குதிரையின் இரைப்பை என்று அமெரிக்காவில் ரான்சம் 1911இல் எழுதும்வரை அரை நூற்றாண்டு கடந்தது.

எங்கே வரும், எப்படி இருக்கும்

ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே ஈ மொய்க்கும். கண்ணின் உள்மூலை, உதட்டோரம், கால்கணு, ஆண்குதிரையின் குறியும் அதன் உறையும் முக்கியமான இடங்கள். கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தாலே போதும், காயம்கூட வேண்டியதில்லை. குறியில் வந்தால் குதிரை சிறுநீர் கழிக்க முக்கும். சொட்டுச் சொட்டாகப் போகும். அந்த இடத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. வாரம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

புண்ணைச் சுத்தம் செய்யும்போது சதைக்குள்ளிருந்து மஞ்சளான கெட்டித் துணுக்குகள் நொய்யரிசி போல உதிரும். செத்த புழுவைச் சுற்றி உறைந்து சுண்ணாம்பேறிய திசு அது. ஈ முட்டையிட்டுப் புழு வைத்த புண் வேறு. அதில் புழு நெளிவது கண்ணுக்குத் தெரியும், நாற்றமும் கடுமையாக இருக்கும். இதில் புழு நெளிவதைப் பார்க்க முடியாது.

மருந்து எப்படிக் கொடுப்பது

கால்நடை மருத்துவர்கள் முதலில் எடுப்பது ஐவர்மெக்டின். ஒரு கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம் என்ற கணக்கில் வாய்வழியாகக் கொடுப்பார்கள். சில வாரம் கழித்து இன்னொரு தவணை தேவைப்படலாம். மாக்சிடெக்டினும் வேலை செய்யும். ஆனால் மெலிந்த குதிரைக்கும் சிறு குட்டிக்கும் அதில் ஆபத்து உண்டு.

எடையைக் கண்ணால் மட்டிடுவதில்தான் தப்பு நடக்கிறது. தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிச் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். தோள்முனையிலிருந்து பின்பக்க எலும்பு முனைவரை நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் வரும். சுற்றளவு 150, நீளம் 140 உள்ள மட்டக்குதிரை சுமார் 265 கிலோ. அதற்கு 53 மில்லிகிராம் மருந்து.

மாட்டுக்கு வைத்திருக்கும் ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போடவே கூடாது. ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ் பிடிக்கலாம். தசைக்குள் கிருமி புகுந்து உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். குதிரைக்கென்று வரும் பேஸ்ட்டை நாக்கின் பின்புறம் வைத்து, அது விழுங்கும்வரை தலையைச் சற்று உயர்த்திப் பிடித்தால் போதும்.

புழு செத்தாலும் ஒவ்வாமை உடனே அடங்காது. அதனால் மருத்துவர் ப்ரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டையும் சேர்த்துத் தருவார். இது நீங்களாக வாங்கிக் கொடுக்கும் மருந்தல்ல. குளம்புக்குள் அழற்சி வந்து குதிரை நிற்கவே முடியாமல் போகலாம். சினைக் குதிரையென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மிதமிஞ்சி வளர்ந்த சதையை வெட்டி எடுத்துத் துணுக்குகளைச் சுரண்ட வேண்டியும் வரலாம். புண்ணை ஈ தொடாதபடி கட்டுப் போட்டு மூடுவது அவசியம். கண்ணுக்கு வலை முகமூடி கிடைக்கிறது. மயில்துத்தம், மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில் எதையும் தடவாதீர்கள். நல்ல சதையும் வெந்துபோகும்.

இதே போலத் தெரியும் வேறு நோய்கள்

தேங்கிய நீரில் நின்று மேயும் குதிரைக்குப் பித்தியோசிஸ் என்ற தொற்று வரும். அதிலும் கெட்டித் துணுக்குகள் உதிரும், ஆனால் பரவும் வேகம் அதிகம். சார்க்காய்டு என்ற தோல் கட்டியும், கண்ணோரத்திலும் குறியிலும் வரும் புற்றுநோயும் இதே தோற்றத்தில் ஏமாற்றும். ஐவர்மெக்டினுக்கு அடங்காத புண்ணில் ஒரு துளி சதையை எடுத்துப் பரிசோதிக்காமல் காலம் கடத்துவது குதிரைக்குச் செய்யும் அநியாயம். சென்னை வேப்பேரி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை அணுகலாம்.

அடிவயிற்றின் நடுக்கோட்டிலும் முகத்திலும் முடி உதிர்ந்து அரித்தால் அது ஆங்கோசெர்கா என்ற இன்னொரு புழுவாக இருக்கலாம். சிறு கடிப்பூச்சிகள் பரப்புவது. ஐவர்மெக்டின் அதன் குஞ்சுகளைக் கொல்லும், கழுத்து நாணில் கிடக்கும் முதிர்ந்த புழுவைக் கொல்லாது. ஆகவே சில மாதங்களில் அரிப்பு திரும்பும். மருந்து கொடுத்த மறுநாள் அடிவயிறு வீங்கினால் பதறாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

லத்தியை அள்ளாமல் தீராது

வெயில் காலத்தில் வீட்டு ஈ முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக ஒரு வாரம், பத்து நாளே போதும். ஒரு குதிரை நாளுக்குப் பதினைந்து, இருபது கிலோ லத்தி போடும். தினமும் அள்ளி, லாயத்திலிருந்து தள்ளிக் குவித்து, தார்ப்பாயால் இறுக மூட வேண்டும். உள்ளே ஏறும் சூட்டில் ஈப்புழுக்கள் செத்துவிடும், எருவும் மக்கும். மூத்திரம் தேங்கி ஊறிய வைக்கோலிலும் ஈ பெருகும், அதையும் மாற்ற வேண்டும்.

சவாரிக் குதிரைகள் பத்து ஒரே இடத்தில் கட்டி நிற்கும் ஊர்களில் ஒருவர் மட்டும் மருந்து கொடுத்துப் பயனில்லை. பக்கத்துக் குதிரையின் இரைப்பையிலிருந்து அதே புழு அதே ஈயில் வந்துவிடும். மழை தொடங்கும் முன்பே உரிமையாளர்கள் பேசி வைத்து, ஒரு கால்நடை மருத்துவரை வரவழைத்து, எல்லாக் குதிரைகளையும் அளந்து ஒரே நாளில் மருந்து கொடுத்துவிடலாம். வரவழைக்கும் செலவையும் பங்கிட்டுக்கொள்ளலாம்.