மனத்துக்கும் சுழிப்பிழை உண்டு

திருகு அளவியால் கம்பியை அளக்குமுன் சுழிப்பிழையைப் பார்க்கிறோம் அல்லவா? உளப்பகுப்பாய்வு என்பது, ஒருவர் மனத்தில் தோன்றுவதையெல்லாம் தடையின்றிச் சொல்லக் கேட்டு, மறைந்துள்ள காரணத்தைத் தேடும் முறை. இதில் கருவி, கேட்பவரின் மனமே. ஆகவே பயிற்சி பெறுபவர் முதலில் தாமே பகுப்பாய்வுக்கு உட்பட வேண்டும்; வாரம் நான்கைந்து அமர்வுகள், பல ஆண்டுகள்!

1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவிய டாக்டர் கிரீந்திரசேகர் போஸ், ஃபிராய்டை நேரில் கண்டதே இல்லை, கடிதத் தொடர்புதான்.

திருப்பூர் உளவியல் பட்டதாரி ஒருவர், பனியன் கம்பெனி வேலையை விடாமல் வாரம் நான்கு முறை கொல்கத்தா போய்வர இயலுமா? பன்னாட்டுக் கழகம் 2017இல் மூன்று அமர்வுகளும் போதும் என்று விதியைத் தளர்த்தியது. கணினி வழி அமர்வுக்கும் சில நிபந்தனைகளுடன் இடமுண்டு. சோதனையைக் கைவிடவில்லை, தூரம்தான் குறைகிறது. கட்டணம் இன்னும் பெருந்தடை. பயிற்சியோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். இங்கே வருபவர் கனவு காண்பது தமிழில்.