வில்பத்துக் காட்டில் ஒரு நாள்

வட்டவளைப் பக்கத்துத் தோட்டப் பெண்களுக்குச் சுற்றுலா என்றால் கதிர்காமம், முன்னேஸ்வரம், போகிற வழியில் ஒரு கடற்கரை. சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசில் இந்த முறை வில்பத்துவுக்குப் போகலாமே என்றேன். "காட்டைப் பார்க்கவும் காசு குடுக்கணுமா மிஸ்? நம்ம லயத்துக்குப் பின்னாலேயே இருக்கே!" என்று சிரித்தார்கள். ஆனாலும் பதினொரு பேர் பெயர் கொடுத்தார்கள். திங்கட்கிழமை போயா என்பதால், ஞாயிறு போய்த் திரும்பினாலும் மறுநாள் பெரட்டுக்கு ஓட வேண்டியதில்லை, பேரும் உடையாது.

சனி இரவு வேனில் கண்டி, மாத்தளை, தம்புள்ளை, அநுராதபுரம் என்று போனோம். 19ஆம் நூற்றாண்டில் நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள் அல்லவா? நாங்கள் போனது அதற்கு எதிர்த்திசையில். காலராவிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். 2023இல் 'மலையகம் 200' நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. அதில் இரண்டு நாள் நடந்த அக்கா ஒருவரும் எங்கள் வேனில் இருந்தார். மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள். அவர் மட்டும் விடியும்வரை வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

காலை ஆறு மணிக்கு ஹுனுவில்கம வாயில். அதற்கு மேல் வேன் போகாது, நான்கு சில்லும் இழுக்கிற ஜீப்தான். இரண்டு ஜீப் பிடித்தோம். கடற்கரை வரை போவதானால் நாள் முழுவதற்கும் பேச வேண்டும். காலையில் மட்டும் சுற்றித் திரும்புகிறவர்கள் கடலைப் பார்க்க முடியாது.

வில்பத்து 1938இல் தேசிய வனமானது. பரப்பு சுமார் 1,300 சதுர கிலோமீட்டர். யுத்தத்தினால் 1988இல் மூடி, 2003இல் திறந்தார்கள். 2006இல் கண்ணிவெடியில் ஒரு ஜீப் சிக்கி, எழுத்தாளர் நிஹால் டி சில்வா உட்படப் பலர் இறந்தார்கள். மறுபடி மூடிய காடு 2010இல்தான் திறந்தது. இதைச் சொன்னபோது எங்கள் ஜீப்பில் சற்று நேரம் பேச்சில்லை.

உள்ளே பாலை, வீரை, முதிரை மரங்கள். பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் கரடி வருமாம். நடுநடுவே 'வில்லு' எனப்படும் நீர்நிலைகள். மழைநீர் தேங்கிய பள்ளங்கள்தான், சுற்றிலும் வெண்மணல். சிலவற்றில் தண்ணீர் உப்பு.

ஒரு திருப்பத்தில் சாரதி ஜீப்பை நிறுத்தி வாயில் விரல் வைத்தார். மணல் பாதையின் நடுவே ஒரு சிறுத்தை படுத்திருந்தது. முன்னும் பின்னும் ஜீப்புகள் வந்து சேர்ந்தன, வெள்ளைக்காரர்கள் நீளக் கமராக்களை நீட்டினார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு குரல்: "இதுக்கா இவ்வளவு காசு? போன மாசம் நம்ம ஆறாம் நம்பர் மலையில நாயைத் தூக்கிட்டுப் போனது இதானே!"

சிரிப்பு அடங்கியதும் அந்தப் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. கொழுந்து பறிக்கிறவளுக்குச் சிறுத்தை வேடிக்கையில்லை. தேயிலைச் செடிக்கடியில் குட்டி போட்டிருந்தால் அவளுக்கு முன்கூட்டித் தெரியாது. பயத்தைச் சொன்னால் அன்றைய பேர் போகும். சொல்லாமல் போனால் உயிருக்குப் பயம். இன்னொரு பக்கம், காட்டுப்பன்றிக்கென்று மரக்கறித் தோட்டத்து ஓரங்களில் வைக்கிற கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டிச் சாகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தில் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை மூன்றாம் நாள் இறந்தது நினைவிருக்கும். வழிகாட்டியிடம் இதையெல்லாம் சிங்களத்தில் சொன்னேன். "இங்கே அது வழியில் படுத்தால் நாங்கள் காத்திருப்போம்" என்றார். உண்மைதான். ஆனால் ஜீப்பில் இருப்பவர் காத்திருக்கலாம், நாளுக்கு இத்தனை கிலோ என்று கணக்குச் சொல்ல வேண்டியவள் எப்படிக் காத்திருப்பாள்?

இனிப் போகிற சகோதரிகளுக்கு ஒரு விஷயம்: கண்ட இடத்தில் இறங்க விடமாட்டார்கள். வாயிலிலேயே கழிவறைக்குப் போய்விடுங்கள், அணையாடையும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும்.

நண்பகலில் குதிரைமலை முனை. செம்மண் மேடு, கீழே மன்னார் வளைகுடா. அல்லி ராணி இங்கேதான் ஆண்டாள் என்பது ஊர்க்கதை. குதிரைச் சிலையின் கால் என்று ஒரு செங்கல் சிதைவையும் காட்டுகிறார்கள். வடக்கே அரிப்பு, சிலாவத்துறைப் பக்கம் ஒரு காலத்தில் முத்துக் குளித்த கடல். கட்டிக்கொண்டு போன ரொட்டியையும் சம்பலையும் அங்கேதான் சாப்பிட்டோம்.

நடைபயணம் போன அக்கா, "இந்தியா எந்தப் பக்கம் மிஸ்?" என்று கேட்டார். நேர் மேற்கே, தூத்துக்குடிப் பக்கம் என்றேன். முந்தானையில் கொஞ்சம் செம்மண்ணை முடியப் போனவரை வழிகாட்டி தடுத்தார். காட்டிலிருந்து எதையும் எடுக்கக்கூடாதாம்.

மாலை ஆறுக்குள் வாயிலைத் தாண்டியாக வேண்டும், ஆகவே இரண்டு மணிக்கே திரும்பினோம். இறங்கும்போது வழிகாட்டி வனசீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கத்தைச் சொன்னார்: 1992. சுருக்கில் மிருகம் மாட்டினாலும், மலையில் குட்டியைக் கண்டாலும் கிட்டப் போகாமல் அதற்கு எடுக்கச் சொன்னார். பதினொரு பேரில் போன் இருந்த ஏழு பேரும் அங்கேயே பதிந்துகொண்டார்கள்.